ரசத்தில் கலந்த மாத்திரையை அவரிடம் எப்படிச் சொல்வது?

திருப்பூர்ப் பக்கத்திலிருந்து 38 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கணவருக்கு வயது 44, சாயப் பட்டறையில் சூப்பர்வைசர். பத்து வருடத்துக்கும் மேலாகக் குடி. போன வருடம் ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் 30 நாள் இருந்துவிட்டு வந்தவர், நான்கு மாதம் தொடவே இல்லை. பிறகு ஒரு சாவு வீட்டில் குடித்துவிட்டார். அன்று இரவே, யாரும் கேட்காமல், மனைவியிடம் வந்து சொல்லியும் விட்டார். "எனக்கு வந்த ஆத்திரத்தில் மாமியார், கொழுந்தனார், என் அண்ணன் எல்லாரையும் வரவழைத்து நடுவீட்டில் நிற்க வைத்துக் கேட்டோம். மகன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னோம். ஏடிஎம் கார்டையும் வாங்கி வைத்துக்கொண்டேன்" என்கிறார்.

அதன் பிறகு அவர் குடித்தால் சொல்வதில்லை. கேட்டாலும் இல்லை என்கிறார். மையத்தில் எழுதிக் கொடுத்த டைசல்ஃபிராம் மாத்திரையையும் நிறுத்திவிட்டார். பழைய சீட்டைக் காட்டி அதே மாத்திரையை வாங்கி, ஏழு வாரமாகப் பொடி செய்து அவருடைய ரசத்தில் கலந்து வருகிறார் இந்த வாசகி. ஒரு சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு குடித்துவிட்டு வந்தவருக்கு முகமும் கழுத்தும் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி நிற்கவில்லை. கறி ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துப் பக்கத்து கிளினிக்கில் ஊசியும் வயிற்றுக்கு மெட்ரோனிடசோல் மாத்திரையும் வாங்கி வந்திருக்கிறார்கள். ஈசிஜியில் ஒன்றும் இல்லை. ஆனாலும் தனக்கு இதய நோய் வந்துவிட்டது என்று அவர் பயந்துபோயிருக்கிறார். குடியும் நின்றபாடில்லை.

கேள்விகள் நான்கு. மாத்திரையைத் தொடரலாமா? மையத்துக்குப் போன் செய்தால் வேனில் ஆள் அனுப்பி அழைத்துப் போவார்களாம், சம்மதிக்கலாமா? உண்மையைச் சொன்னால் ஒவ்வொரு தடவையும் மன்னிக்க வேண்டுமா? அப்பா மையத்தில் இருந்தபோது, வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்த 14 வயது மகனிடம் இப்போது என்ன சொல்வது?

சகோதரி, உங்கள் கடிதத்தில் வெறுப்பு இல்லை. வேறு வழி தெரியாமல் எடுத்த முடிவு என்பது ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது. ஆனால் முதலில் உயிர் சம்பந்தப்பட்டதைப் பேசிவிடுவோம். இன்றிலிருந்து அந்தப் பொடியைக் கலக்க வேண்டாம்.

டைசல்ஃபிராம் குடி ஆசையைக் குறைக்கும் மருந்து அல்ல. உள்ளே போகும் சாராயம் கல்லீரலில் முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சுப் பொருளாகிறது, பிறகு அது உடைந்து வெளியேறுகிறது. இந்த இரண்டாவது வேலையை மாத்திரை தடுத்துவிடுகிறது. அதனால் குடித்த 10 முதல் 30 நிமிடத்துக்குள் நச்சு ரத்தத்தில் ஏறி, நீங்கள் பார்த்தது அத்தனையும் நடக்கிறது: முகம் சிவப்பது, படபடப்பு, வாந்தி, தலைவலி, ரத்த அழுத்தம் இறங்குவது. அதிகம் குடித்திருந்தாலோ, இதயத்தில் ஏற்கெனவே கோளாறு இருந்தாலோ உயிரே போகலாம். 'இதைப் போட்டுக்கொண்டு குடித்தால் ஆபத்து' என்று அவருக்குத் தெரிந்திருப்பதுதான் இந்த மாத்திரை வேலை செய்யும் விதம். தெரியாத மனிதருக்கு அந்தத் தடுப்பு இல்லை. ஆபத்து மட்டும்தான் மிஞ்சுகிறது.

கிளினிக்கில் நடந்ததும் சாதாரண விஷயம் இல்லை. டைசல்ஃபிராம் எடுத்த இரண்டு வாரத்துக்குள் மெட்ரோனிடசோல் கொடுக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் மனக் குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, சம்பந்தமில்லாமல் பேசுவது எல்லாம் வரலாம். அந்த டாக்டருக்கு இது தெரிய வழியே இல்லை. வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை ஆகியவற்றோடும் இதற்கு ஒத்துப்போகாது. கல்லீரலையும் சில பேருக்குப் பாதிக்கும். அதனால்தான் ரத்தப் பரிசோதனை செய்து, கடைசியாகக் குடித்து குறைந்தது 12 மணி நேரம் ஆன பிறகே ஆரம்பிக்கிறோம். சாராயச் சத்துள்ள இருமல் சிரப்பையும், நாட்டு மருந்துக் கடையில் விற்கும் அரிஷ்டங்களையும்கூடத் தவிர்க்கச் சொல்கிறோம்.

நீங்கள் நிறுத்தினாலும் மருந்தின் வீச்சு 14 நாள் வரை உடம்பில் இருக்கும். இந்த இரண்டு வாரத்தில் அவர் தெரியாமல் குடித்தால் மறுபடியும் அதேதான் நடக்கும். ஆகவே அவரிடம் சொல்வதைத் தள்ளிப்போட முடியாது. நாளையோ மறுநாளோ சொல்லியாக வேண்டும். அதற்குள் குடித்துவிட்டு வந்து மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, மயக்கம் என்று ஏதாவது வந்தால் 108-ஐ அழையுங்கள். வருகிறவர்களிடம் மறைக்காமல் "டைசல்ஃபிராம் கொடுத்திருக்கிறேன், கடைசியாக இத்தனை மணிக்கு" என்று சொல்லிவிடுங்கள்.

எப்படிச் சொல்வது

குடித்திருக்கும்போது சொல்லக் கூடாது. பசியிலும் வேண்டாம், வேலை முடிந்து வந்து உட்கார்ந்ததுமே வேண்டாம். சாயங்கால நேரம் குடியின் நேரம், அதைத் தவிருங்கள். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, மகன் பள்ளிக்குக் கிளம்பியதும், நீங்கள் இருவர் மட்டும். மாமியார் அடுத்த அறையில் இருந்தாலும் பேச்சு வேறாகிவிடும். இருபது நிமிடம் போதும். கிட்டத்தட்ட இப்படி:

"ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும். நீங்க நிறுத்தின அந்த மாத்திரையை நான் பொடி பண்ணி ஏழு வாரமா ரசத்துல கலந்துட்டேன். அன்னிக்கி சனிக்கிழமை உங்களுக்கு அப்படி ஆனது அதனாலதான். கறியும் இல்லை, இருதயமும் இல்லை. நான் பண்ணது தப்புங்க. உங்களை இழந்துருவேனோன்னு பயந்து பண்ணிட்டேன். இனிமே கலக்க மாட்டேன். ஆனா மருந்து இன்னும் ரெண்டு வாரம் உடம்புல இருக்கும், அதுக்குள்ள ஒரு வாய் குடிச்சாலும் ஆபத்து. நாளைக்கு டாக்டரைப் பார்க்கலாம், நானும் வர்றேன்."

இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "நீங்க குடிச்சதாலதானே நான் இப்படிப் பண்ணேன்" என்ற ஒரு வாக்கியம் வாய் வரைக்கும் வரும். அதைச் சொன்னால் மன்னிப்பு கேட்டது போய்ச் சண்டை வந்துவிடும். அவருக்குக் கோபம் வரும், வரத்தான் வேண்டும். சாப்பிடுகிற சோற்றில் கலந்திருக்கிறார்கள் என்றால் யாருக்கும் அடிவயிறு கலங்கும். கொஞ்ச நாள் வீட்டில் சாப்பிடத் தயங்கலாம். பதில் சொல்லாமல், அழுது அடக்காமல், அந்தக் கோபத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதே நேரத்தில் ஒரு நிம்மதியும் அவருக்கு வரும். இல்லாத இதய நோயை நினைத்துப் பயந்துகொண்டிருக்கிறார் அல்லவா? அந்தப் பயமே குடிக்க ஒரு காரணமாக இருந்திருக்கும்.

கடிதத்தின் ஓரத்தில், போதையில் ஒரு தடவை கை ஓங்கினார் என்று எழுதியிருக்கிறீர்கள். மாத்திரை விஷயத்தைச் சொன்னால் அடித்துவிடுவார் என்ற பயம் கொஞ்சம் இருந்தாலும் தனியாகச் சொல்லாதீர்கள். டாக்டரிடம் நீங்கள் முன்னதாகப் போய்ச் சொல்லிவிட்டு, அந்த டாக்டர் முன்னிலையில் கணவரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். மனம் விட்டுப் பேசுவது அடி உதைக்கு மருந்து அல்ல. அடி விழும் வீட்டில் முதல் வேலை உங்களையும் பிள்ளையையும் பாதுகாப்பது. பெண்கள் உதவி எண் 181. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி அந்த வீட்டிலேயே பாதுகாப்போடு இருக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. குடிநோய் என்பது அடிப்பதற்கான அனுமதி ஆகிவிடாது.

உண்மை சொன்ன அன்று நடந்தது

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தச் சாவு வீட்டு இரவு. நான்கு மாதம் தொடாமல் இருந்தவர், குடித்த அன்றைக்கே வந்து சொன்னார். சிகிச்சை வேலை செய்துகொண்டிருந்ததற்கு அதைவிடப் பெரிய அடையாளம் இல்லை. நீங்கள் அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டீர்கள். ஒரு நாள் சறுக்குவதும் பழைய குடிக்கே திரும்பிப் போவதும் ஒன்றல்ல. முதலாவது இரண்டாவதாக மாறுவதற்கு நடுவில் சில நாட்கள் இருக்கும். அந்த நாட்களில் யாரிடமாவது சொல்ல முடிகிறதா என்பதைப் பொறுத்துத்தான் பல சமயம் அடுத்தது நடக்கிறது.

அன்று அவர் உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்தது ஊர்ப் பஞ்சாயத்து, பிள்ளை தலையில் சத்தியம், கார்டு பறிமுதல். அதற்கு அடுத்த தடவை பொய் சொன்னார். கிடைத்தது வழக்கமான இரவுச் சாப்பாடு. எதைச் சொன்னால் நஷ்டம் குறைவு என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அந்த இரண்டு இரவுகள்தான். குடிநோயாளி பிறவிப் பொய்யர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பொய் அந்த நோயோடு சேர்ந்து வளர்கிற பழக்கம். உண்மைக்கு அவர் கொடுக்க வேண்டிய விலை குறைந்தால்தான் அதுவும் குறையும்.

சத்தியம் அந்த விலையை ஏற்றிவிடுகிறது. கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு குறிப்பிட்ட காலம் குடிக்காமல் இருப்பவர்கள் நம் ஊரில் உண்டு, அந்தக் கட்டுப்பாடு சிலருக்கு உதவவும் செய்கிறது. ஆனால் மகன் தலையில் அடித்துச் செய்த சத்தியம் உடைந்துவிட்டால் அதை எந்தத் தகப்பன் வாய் திறந்து சொல்வான்? 'பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ' என்ற பயத்தையும் சேர்த்து மறைக்க வேண்டியதாகிறது. ஆகவே அந்தச் சத்தியத்தை நீங்களே விடுவித்துவிடுங்கள். "குடிக்க மாட்டேன்னு சொல்ல வேண்டாம், குடிக்கணும்னு தோணினா சொல்லுங்க" என்று கேளுங்கள். இது அவரால் காப்பாற்றக்கூடிய வாக்கு.

தினமும் பத்து நிமிடம்

வாயை ஊதச் சொல்வது, சட்டைப் பையைத் துழாவுவது, வண்டிப் பெட்டியைத் திறந்து பார்ப்பது எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, தினமும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் உட்காருங்கள். "இன்னிக்கி குடிச்சீங்களா?" என்று கேட்டால் ஆம், இல்லை என்று இரண்டே பதில்தான், இரண்டாவது சுலபம். "இன்னிக்கி ஆசை எவ்வளவு இருந்துச்சு, பத்துக்கு எத்தனை?" என்று கேளுங்கள். எந்த நேரத்தில், யாரோடு இருக்கும்போது, எப்படி அது அடங்கியது என்று அதன் பின்னால் தானாக வரும். அவர் ஆறு என்று சொன்னால் முகம் மாறக் கூடாது. நீங்களும் உங்கள் நாளைச் சொல்லுங்கள், இல்லையென்றால் அது விசாரணை ஆகிவிடும்.

ஆசை பெரும்பாலும் கால் மணியிலிருந்து அரை மணி நேரத்துக்குள் ஏறி இறங்கிவிடும். அந்த நேரத்தைத் தாண்டுவதற்குத்தான் ஏற்பாடு வேண்டும். "தோணுது" என்ற ஒரு வார்த்தையை அவர் போனில் சொன்னால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கே, ஏன், யாரோடு என்று கேட்காமல் அவர் வீடு வந்து சேரும்வரை வேறு ஏதாவது பேசிக்கொண்டே இருங்கள். சனிக்கிழமைக்குத் தனித் திட்டம் வேண்டும். கையில் சம்பளம், டாஸ்மாக் இரவு பத்து வரை திறந்திருக்கிறது, கூட வேலை பார்ப்பவர்கள் கூப்பிடுவார்கள். சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லி அவரே கம்பெனியில் கேட்கலாம். கார்டை நீங்கள் பிடுங்கி வைப்பது வேறு, "சனி, ஞாயிறு ரெண்டு நாள் நீயே வெச்சுக்க" என்று அவராகத் தருவது வேறு.

எல்லாவற்றையும் கொட்டித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. பத்து வருடத்தில் சொன்ன ஒவ்வொரு பொய்யையும் பட்டியல் போடச் சொல்லாதீர்கள். 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரான் நகரில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவரோடு ஒருவர் மனம் விட்டுப் பேசியதில் பிறந்ததுதான், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு. தவறுகளை இன்னொரு மனிதரிடம் ஒப்புக்கொள்வதை அதன் பன்னிரண்டு படிகளில் ஒன்றாகவே வைத்திருக்கிறார்கள். அவர்களே, பாதிக்கப்பட்டவர்களிடம் பரிகாரம் செய்யும் ஒன்பதாவது படியில், யாருக்கும் மேலும் காயம் உண்டாக்காத இடத்தில் மட்டும் என்று வரம்பு போட்டிருக்கிறார்கள். மனைவியிடம் சொல்ல முடியாத சில விஷயங்களை அந்தக் கூட்டத்தில் அவர் சொல்லட்டும், உங்களிடம் வந்து ஒப்பிக்க வேண்டியதில்லை. குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டங்கள் இருக்கின்றன. அவர் போகாவிட்டாலும் நீங்கள் போகலாம்.

மன்னிப்பும் வரம்பும்

ஒவ்வொரு தடவையும் மன்னிக்க வேண்டுமா என்று கேட்டீர்கள். மன்னிப்பது உங்கள் மனசு, அதில் யாரும் கட்டாயப்படுத்த முடியாது. உண்மை சொன்னதற்காகத் தண்டிக்காமல் இருங்கள் என்பதுதான் நான் கேட்பது. வரம்புகள் வேறு. குடித்திருந்தால் வண்டிச் சாவி உங்களிடம் வர வேண்டும், மகன் படுக்கும் அறைக்குள் போகக் கூடாது, குடிக்காக வாங்கிய கடனை நீங்கள் அடைக்க மாட்டீர்கள். இவற்றைத் தெளிவாக இருக்கும் நாளில் பேசி முடிவு செய்யுங்கள். அவர் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் வரம்பு ஒன்றுதான். ஆத்திரத்தில் அன்றைக்குப் புதிதாகக் கண்டுபிடிக்கிற தண்டனைதான் வாயை மூட வைக்கிறது.

அவர் குடித்துவிட்டேன் என்று வந்து நின்றால், "சொன்னது நல்லதாப் போச்சு" என்று முதலில் சொல்லுங்கள். எவ்வளவு, எப்போது, மாத்திரை ஏதாவது போட்டிருக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள். சாப்பாடு, தண்ணீர், தூக்கம். மற்றதெல்லாம் மறுநாள். யாரிடமும் போன் போட்டுச் சொல்லாதீர்கள், டாக்டரைத் தவிர. ஒரு விஷயத்தில் மட்டும் கவனம்: பல நாள் தொடர்ந்து குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் சில மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் வரும், இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாளுக்குள் புத்தி தடுமாறி யார் யாரோ நிற்பதாகச் சொல்லலாம். அந்த நிலையை வீட்டில் வைத்துச் சமாளிக்கக் கூடாது, ஆஸ்பத்திரிதான்.

வேனில் தூக்கிப் போவது

சம்மதிக்காதீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தில் குடியால் வரும் மனநோய்களும் அடங்கும். ஒருவர் சம்மதிக்காத நிலையில் சேர்ப்பதற்கு அதன் 89-ஆவது பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் தனக்கோ பிறருக்கோ ஆபத்து உண்டாக்கும் நிலை, அல்லது தன்னைத்தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலை இருக்க வேண்டும். மனநல மருத்துவர் ஒருவரும், இன்னொரு மனநல வல்லுநரோ மருத்துவரோ ஒருவரும் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். முதலில் 30 நாள்தான் வைத்திருக்கலாம், மனநல மறுஆய்வு வாரியத்துக்கும் தகவல் போக வேண்டும். சங்கிலியால் கட்டுவது எந்தச் சூழ்நிலையிலும் குற்றம். வேலைக்குப் போய் வந்துகொண்டிருக்கும் உங்கள் கணவருக்கு இது எதுவும் பொருந்தவில்லை. போன் செய்ததும் ஆள் அனுப்புகிறோம் என்று சொல்லும் இடம், மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்றுகூடச் சந்தேகப்பட வேண்டிய இடம். சட்டத்தை விடுங்கள், ஒருமுறை அப்படி இழுத்துப் போகப்பட்டவர் அதன் பிறகு உங்களிடம் "தோணுது" என்று ஒருநாளும் சொல்ல மாட்டார்.

மகனிடம்

14 வயதுப் பையனுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாத மாதிரி நடிக்க அவனும் பழகிக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். முடிந்தால் அப்பாவே சொல்லட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். "அப்பா வெளியூருக்குப் போகலைடா, வைத்தியத்துக்குப் போயிருந்தேன். எனக்குக் குடி ஒரு நோயாயிருச்சு. அது உன்னால வந்ததில்லை, நீ சரி பண்ண வேண்டியதும் இல்லை. உனக்குப் பயமா இருந்தா அம்மாகிட்டயோ மாமாகிட்டயோ சொல்லு." இவ்வளவு போதும். அவன் தலையில் செய்த சத்தியத்தால் அவனுக்கு ஒன்றும் ஆகாது என்பதையும் சொல்லுங்கள். பிள்ளைகள் அதை மனசுக்குள் வைத்துப் புழுங்கும். அப்பா எங்கே போகிறார் என்று பார்த்துவரச் சொல்லி அவனை ஒருபோதும் அனுப்பாதீர்கள்.

டாக்டரிடம் போகும்போது

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் குடிநோய்க்குச் சிகிச்சை உண்டு. போவதற்கு முன் பேச வேண்டுமென்றால் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, போதை மீட்பு உதவி எண் 14446. குடித்த அளவைக் குறைத்துச் சொல்லாமல் இருக்க அவருக்கு உதவுங்கள். "ரெண்டு கட்டிங்தான் சார்" என்பார்கள். இரண்டு கட்டிங் சேர்ந்தால் ஒரு குவார்ட்டர், 180 மில்லி. நம் ஊர்ச் சரக்கின் 42.8 சதவீதக் கணக்குப்படி அதில் ஏறக்குறைய 60 கிராம் சுத்தச் சாராயம் இருக்கிறது. நிறுத்தும்போது நடுக்கத்துக்குக் கொடுக்கும் மருந்தின் அளவையும், வைட்டமின் பி1 ஊசியையும் இந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

நீங்கள் கலந்த மாத்திரையின் அட்டையையும், கிளினிக் சீட்டையும், ஈசிஜியையும் கொண்டுபோங்கள். கல்லீரல் பரிசோதனை எடுப்பார்கள். ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகள் இருக்கின்றன. கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பார்த்து எது பொருந்தும் என்று சொல்வார்கள். டைசல்ஃபிராமே மறுபடி வேண்டும் என்று அவர் விரும்பி, டாக்டரும் சரி என்றால், அதைக் காலையில் உங்கள் கண் முன்னால் அவரே தண்ணீரில் கரைத்துக் குடிக்கட்டும். இன்னொருவர் பார்க்கப் போட்டுக்கொள்ளும்போதுதான் இந்த மருந்து நன்றாகப் பலன் தருகிறது. எத்தனை நாளைக்கு, வேண்டாம் என்று தோன்றினால் உங்களிடம் எப்படிச் சொல்வது என்பதையும் டாக்டர் முன்னிலையிலேயே பேசி, சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.